உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேஷன் இல்லாத ஊரிலிருந்து ஸ்டேஷன் இல்லாத தலைநகருக்கு

● பரமத்தி வேலூரில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது, ஊர் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருக்கிறது, பக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது, காவிரி ஓடுகிறது. ரயில் மட்டும் ஓடவில்லை. ரயிலேற நினைப்பவர் நாமக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டி, தவிட்டுப்பாளையம், வேலாயுதம்பாளையம் வழியாக அக்கரையிலுள்ள புகளூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். "ஒரு ஸ்டேஷன்கூட இல்லாத ஊருங்களா?" என்று வெளியூர் மாப்பிள்ளை யாராவது கேலி பேசினால், இனி ஒரு பதில் கைவசம் இருக்கட்டும்: ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தலைநகரத்துக்கே ஸ்டேஷன் கிடையாதுங்க.

● அந்தத் தலைநகரம் வாடூஸ். நாடு லீக்டன்ஸ்டைன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர்; மக்கள் சுமார் 40,000 பேர். விமான நிலையமும் இல்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ரயிலில் ஐரோப்பா சுற்றுகிற பிள்ளைகள், சுவிஸ் பக்கம் சார்கன்ஸ் அல்லது புக்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் வருகிறார்கள். புகளூரில் இறங்கி ஊர் திரும்புகிற வேலூர்க்காரருக்கு இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

● அதற்காக லீக்டன்ஸ்டைனில் ரயிலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்க்கிலிருந்து சுவிஸ் ஊரான புக்ஸுக்கு 1872-ல் போட்ட பாதை, நாட்டுக்குள் சுமார் 9 கிலோமீட்டர் ஓடுகிறது. ரயிலை ஓட்டுவது இன்றைக்கும் ஆஸ்திரிய ரயில்வேதான். பாதை தலைநகரை ஒதுக்கிவிட்டுப் பக்கத்து ஊரான ஷான் வழியாகப் போகிறது. அங்குள்ள ஸ்டேஷனுக்கு 'ஷான்-வாடூஸ்' என்று பெயர் வைத்து ஒருவாறு சமாதானம் செய்திருக்கிறார்கள். பரமத்தி ஓர் ஊர், வேலூர் ஓர் ஊர், தாலுகாவுக்குப் பெயர் மட்டும் சேர்த்து என்பதுபோலத்தான். மக்கள்தொகையில் பார்த்தால் தலைநகரை விட ஷான்தான் ஒரு பிடி பெரியது.

● வியன்னாவிலிருந்து சூரிக் போகும் ரெயில்ஜெட் என்ற வேக ரயில் இந்த நாட்டின் ஊடாகவே போகிறது. ஆனால் எங்கேயும் நிற்பதில்லை. சன்னலோரம் கண்ணயர்ந்தவர் ஒரு முழு நாட்டைத் தவறவிட்டு எழுந்திருப்பார்.

● பாதையை இரட்டையாக்கி உள்ளூர் ரயில்களை அதிகப்படுத்தலாம் என்று லீக்டன்ஸ்டைன் அரசு திட்டம் போட்டது. 2020 ஆகஸ்ட் 30 அன்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். 60 சதவீதத்துக்கும் மேல் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். நம் பக்கம் ரயில் கேட்டு மனு எழுதியே மூன்று தலைமுறை போயிருக்கிறது. வீட்டு வாசலுக்கு வரும் ரயிலை வேண்டாமென்று ஓட்டுப் போடும் ஊரும் உலகத்தில் இருக்கிறது.

● மனு எழுதிய கதை தெரியாத இளைஞர்களுக்காக: நாமக்கல் நகரத்துக்கே பயணிகள் ரயில் வந்தது 2013-ல்தான். சேலத்திலிருந்து மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர், வாங்கல் வழியாகக் கரூர் சேரும் சுமார் 85 கிலோமீட்டர் பாதை அது. மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே காவிரியைத் தாண்டுகிறது. ஆற்றின் தென்கரையிலோ ஈரோடு - கரூர் - திருச்சி பாதை 1860-களிலேயே வந்துவிட்டது. அதாவது புகளூர் பக்கம் புகைவண்டியின் ஊதல் கேட்டு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் நாமக்கல் தன் மண்ணில் ரயிலைப் பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை, லாரி கட்டியது. ரயில் வராத குறையை இப்படித் தீர்த்துக்கொண்ட ஊர் நாட்டில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

● பையுடன் ரயில் பயணம் என்ற பழக்கத்தைப் பரவலாக்கியது ஒரு டிக்கெட்தான். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்று 1959-ல் 'யூரெயில்' பாஸ் வந்தது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு 1972-ல் 'இன்டர்ரெயில்' வந்தது. சர்வதேச ரயில்வே சங்கத்தின் பொன்விழாவையொட்டி, 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே டிக்கெட்டில் 21 நாடுகள் சுற்றலாம் என்று ஒரு சலுகையாகத் தொடங்கினார்கள். ஒரு கோடைக்கு மட்டும் என்று வந்த சலுகை அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. இப்போது 33 நாடுகள். நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைக்கு உரியது யூரெயில்தான். 27 வயது வரை இளைஞர் கட்டணம்.

பாஸ் வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பி விடாதீர்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் அதிவேக ரயில்களுக்கும், எங்கேயும் இரவு ரயில்களுக்கும் இருக்கைக்குத் தனியாகக் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனியில் பெரும்பாலான பகல் ரயில்களில் அந்தத் தொல்லை இல்லை. ஏறி, காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான். சின்ன ஊர்களாகத் தேடித் திரிகிறவருக்கு இந்த மூன்று நாடுகள்தான் தோது.

● அதே வேலையைச் செய்யும் டிக்கெட் நம் இந்திய ரயில்வேயிலும் உண்டு, கேட்பவர்தான் குறைவு. 'சுற்றுப் பயண டிக்கெட்' என்று பெயர். புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடியும்படி ஒரு வட்டப் பாதையைத் தேர்ந்தெடுத்து, வழியில் எட்டு ஊர்கள் வரை இறங்கி ஏறலாம். தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே வரும் என்பதால், தனித்தனியாக டிக்கெட் எடுப்பதைவிட மிச்சம். பாதையை எழுதிக் கொடுத்து முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்க வேண்டும், கடைசி நேரத்தில் கவுன்டரில் நின்று கேட்டால் கிடைக்காது. சாதாரண டிக்கெட்டிலும் 500 கிலோமீட்டருக்கு மேல் என்றால், 500-ஐத் தாண்டிய பிறகு ஓர் ஊரில் இரண்டு நாள் இறங்கித் தங்க விதி உண்டு. ஆயிரத்துக்கு மேல் என்றால் இரண்டு முறை.

● ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை சுமை இலவசம். இரண்டாம் வகுப்பில் 35. ஆனால் முதுகில் மாட்டும் பைக்கு 10 கிலோவுக்கு மேல் வைத்தால் அபராதம் போடுவது ரயில்வே அல்ல, தோள்பட்டை.

● நம் அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1,435. ஒரு சாணுக்கும் மேலே வித்தியாசம். அங்கே இரவு ரயிலில் ஆறு பேர் படுக்கும் அறையில் கை கால் நீட்டிப் பார்க்கும்போது நம்முடைய ஸ்லீப்பர் கோச்சின் அருமை புரியும்.

● ரயிலில் ஐரோப்பா சுற்றியவர்களின் பையில் ஒரு காலத்தில் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருந்தது: தாமஸ் குக் கால அட்டவணை. 1873-ல் தொடங்கி 2013 வரை வந்தது. நிறுவனம் கைவிட்டதும், அதைத் தொகுத்து வந்தவர்களே எடுத்து வேறு பெயரில் தொடர்ந்து வெளியிட்டார்கள். கைபேசியில் எல்லாம் தெரிகிற காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். எந்த ரயில் எந்த ஊர் வழியாக எங்கே போகிறது என்று ஒரே பக்கத்தில் விரல் வைத்துப் பார்ப்பது கைபேசியில் வராது.

● சின்னத் தலைநகரங்களைச் சுற்ற லக்ஸம்பர்க் அளவுக்குச் செலவு குறைந்த ஊர் வேறில்லை. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க ரயில், டிராம், பஸ் எல்லாமே இலவசம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்ற பேதமில்லை. டிக்கெட் எடுக்கும் வேலையே கிடையாது. ரயிலில் முதல் வகுப்பு வேண்டும் என்பவர் மட்டும் காசு கட்ட வேண்டும். நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றபோது "இதெல்லாம் உலகத்தில் எங்கேயாவது உண்டா?" என்று கேட்டவர்களுக்கு: உண்டு, ரயிலிலேயே உண்டு.

● ஸ்லோவேனியாவின் லூப்லியானா 2007 முதல் தன் பழைய நகர மையத்துக்குள் கார்களை விடுவதில்லை. நடக்க முடியாத முதியவர்களை ஏற்றிப் போக மெதுவாக ஊரும் மின்வண்டிகளை இலவசமாக ஓட்டுகிறது. 2016-ல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டமும் வாங்கியது. ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா வியன்னாவுக்கு வெகு பக்கம்; ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். காலையில் ஒரு தலைநகரில் காபி, மதியம் இன்னொரு தலைநகரில் சாப்பாடு. நாமக்கல்லிலிருந்து சேலம் போய்த் திரும்பும் நேரம்தான்.

● வாடிகனுக்கு ஸ்டேஷன் உண்டு. உள்ளே பாதை நீளம் சில நூறு மீட்டர். மால்டாவின் வல்லெட்டாவில் 1883-ல் ரயில் வந்தது, 1931-ல் நின்றது. சைப்ரஸ் 1951-ல் தன் ரயிலை மூடியது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்குக்கும் அன்டோராவுக்கும் பயணிகள் ரயில் வந்ததே இல்லை. ஆக வாடூஸ் தனியாக இல்லை.

● சான் மரினோவின் கதைதான் மனதைப் பிசையும். இத்தாலியின் ரிமினியிலிருந்து மலை மீதிருக்கும் தலைநகருக்கு 1932-ல் மின்ரயில் விட்டார்கள். சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து ஏறிய பாதை. 12 ஆண்டுதான் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து 1944-ல் நின்றது. அந்தச் சமயம் ஊருக்குள் அடைக்கலம் தேடி வந்த அகதிகள் அந்தச் சுரங்கங்களுக்குள்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதை திரும்ப வரவில்லை. 2012-ல் ஒரு சிறு துண்டை மட்டும் செப்பனிட்டுப் பழைய வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

● ரயிலை இழந்த தலைநகரம் நம்மிடமும் ஒன்று உண்டு. தரங்கம்பாடி. டென்மார்க்குக்காரர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இந்தியாவில் டேனியரின் தலைமை இடம் அதுதான். நாயக்கர் அனுப்பிய தங்க ஓலை இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து அந்த ஊருக்கு 1926-ல் மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது மயிலாடுதுறையில் இறங்கி பஸ் ஏற வேண்டும். கோட்டை வாசலில் கடல். ஊருக்குள் நுழைந்தால் 1792 தேதி போட்ட நகர வாயில், தேவாலயங்கள், ஒரே ஒரு நேர்த் தெரு. ஒரு காலைப்பொழுதில் முழுக்க நடந்துவிடலாம்.

● ஐரோப்பியத் தலைநகரத்தைப் பார்க்க விசா வேண்டும் என்று யார் சொன்னது? பிரெஞ்சிந்தியாவின் தலைநகரம் விழுப்புரத்திலிருந்து 38 கிலோமீட்டர். அந்த ரயில் பாதை 1879 டிசம்பரில் திறந்தது. ஒரு முனை ஆங்கிலேயரின் மண், மறு முனை பிரெஞ்சுக்காரரின் மண்; நடுவே சுங்கச் சாவடி, மூட்டை முடிச்சு சோதனை. எல்லை தாண்டும் ரயில் என்றால் என்னவென்று தென்னாற்காட்டுக்காரருக்கு அப்போதே தெரியும். பாரதியார் 1908-லிருந்து 1918 வரை பத்து வருடம் புதுச்சேரியில் இருக்க முடிந்தது அந்த எல்லைக் கோட்டின் தயவால்தான். 1918 நவம்பரில் அதைத் தாண்டிக் கடலூர் பக்கம் வந்ததுமே பிடித்துவிட்டார்கள்.

● புதுச்சேரியின் கட்டம் போட்ட தெருக்களைப் பார்த்து "என்ன இருந்தாலும் பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்" என்று வியப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் தெருத் திட்டத்தை வகுத்தது டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்து, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் கிடைத்த ஆறு வருடத்தில் ஊரைக் கோடு போட்டு வைத்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மறுபடி கட்டியபோதும் அதே கோட்டில்தான் கட்டினார்கள்.

● பையுடன் இறங்குகிறவருக்குப் புதுச்சேரி ஸ்டேஷன் மாதிரி தோதான ஸ்டேஷன் தமிழ்நாட்டைச் சுற்றி வேறில்லை. வெளியே வந்தால் சுப்பையா சாலை. எதிரே பார்க்கிற தூரத்தில் 1907-ல் கட்டி முடித்த திருஇருதய பசிலிக்கா. அங்கிருந்து கடற்கரை வரை நடை தூரம். தெருப் பலகைகளில் மேலும் கீழுமாகத் தமிழும் பிரெஞ்சும். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. பழைய நகரைக் குறுக்கே வெட்டும் பெரிய வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கிழக்கே ஐரோப்பியர் வீடுகள்: மதில் உயரம், வீடு உள்ளே. மேற்கே தமிழர் வீடுகள்: திண்ணையும் தாழ்வாரமும் தெருவைப் பார்த்து. நின்று நிதானமாகப் பார்த்தால், யார் தெருவை நம்பினார்கள், யார் நம்பவில்லை என்பது சுவரிலேயே தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு இந்த மேற்குப் பகுதியில்தான் இருக்கிறது. 1736 முதல் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, கவர்னர் துய்ப்ளேவின் ஊர் எப்படி நடந்தது என்பதற்குத் தமிழில் கிடைத்த நேரடி சாட்சி.

வேலூரிலிருந்து போக இரண்டு வழி. சேலம் போய், ஆத்தூர் - விருத்தாசலம் பாதையில் விழுப்புரம்; அல்லது புகளூரில் ஏறி, கரூர், திருச்சி வழியாக விழுப்புரம். இரண்டிலும் மாறி மாறித்தான் ஏற வேண்டும். முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு அதுவே நல்ல பழக்கம். மாற்று ரயிலுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்த ஸ்டேஷனில் கிளாக் ரூம் இருக்கிறது, பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள் என்பதெல்லாம் வெளிநாட்டில் போய்க் கற்றுக்கொள்வதைவிட விழுப்புரத்தில் கற்றுக்கொள்வது மலிவு.

● புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. நிர்வாகம் கைமாறியது அதற்கும் முன்னால், 1954 நவம்பர் 1. அதற்கு முந்தைய மாதம் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. இன்றைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள்.

● சரி, மறுபடி வாடூஸ். ஆகஸ்ட் 15-ல் போய் இறங்கினால் ஊரே கொண்டாட்டமாக இருக்கும். நமக்காக அல்ல. லீக்டன்ஸ்டைனின் தேசிய நாளும் அதே தேதிதான். அன்றைக்கு இளவரசர் குடும்பம் மலை மீதுள்ள கோட்டை மைதானத்துக்குக் குடிமக்களை அழைக்கிறது, இரவு வாணவேடிக்கை. மற்ற நாட்களில் அந்தக் கோட்டைக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. ஆள் குடியிருக்கும் வீடு அது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

● அந்த இளவரசர் குடும்பத்தின் கதை விசித்திரம். 1712-ல் வாடூஸை விலைக்கு வாங்கினார்கள், புனித ரோமானியப் பேரரசின் சபையில் ஓர் இடம் பெற, பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் தேவைப்பட்டதால். 1719-ல் அது தனிச் சிற்றரசு ஆனது. ஆனால் ஆளும் இளவரசர் ஒருவர் தன் நாடு எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தது 1842-ல். குடும்பம் அங்கேயே குடிவந்தது 1938-ல். வாங்கிய நிலத்தைப் பார்க்க 130 வருடம் எடுத்துக்கொண்ட மிராசுதார்கள். நிலம் அப்படியே இருந்ததுதான் ஆச்சரியம்.

● 1868-ல் ராணுவத்தைக் கலைத்தார்கள். இன்றுவரை திரும்ப வைக்கவில்லை. 2007-ல் சுவிஸ் ராணுவ வீரர்கள் சுமார் 170 பேர் இரவுப் பயிற்சியில் வழி தவறி லீக்டன்ஸ்டைனுக்குள் நடந்து வந்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து முறைப்படி தகவல் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

● வாடூஸில் என் ஓட்டு கோட்டைக்கு அல்ல, பாலத்துக்கு. ஊரிலிருந்து மேற்கே நடந்தால் ரைன். குறுக்கே மரத்தால் கட்டிக் கூரை வேய்ந்த பழைய பாலம். 1901-ல் கட்டியது, நீளம் 135 மீட்டர். கார்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும். இருபுறமும் பலகைச் சுவர், மேலே உத்தரங்கள், பலகை இடுக்கு வழியே பாலாட்டம் வெளிறிய மலையாற்று வெள்ளம். சரியாக நடுவில் எல்லை. காவல் இல்லை, கதவு இல்லை. ஒரு கால் சுவிட்சர்லாந்தில், ஒரு கால் லீக்டன்ஸ்டைனில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். மறுகரையில் இருப்பது செவெலன் என்ற சுவிஸ் ஊர். அங்கே ஸ்டேஷன் இருக்கிறது.

ஆறு எப்போதும் இப்படிச் சாதுவாக இருந்ததில்லை. 1927 செப்டம்பரில் ஷான் ரயில் பாலத்தின் அருகே கரை உடைத்து நாட்டின் வடபாதியை வெள்ளக்காடாக்கியது. காவிரியில் வெள்ளம் வந்தால் வேலூர் கரையோர வீடுகளில் சாமான்களை மேடேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

● அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்றால், பெர்ன். சுவிட்சர்லாந்தின் அரசு இருக்குமிடம். பழைய நகரில் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைவுக் கூரையிட்ட நடைபாதை. மழையில் குடை இல்லாமல் ஊர் சுற்றலாம். கிராம்காஸ தெருவில் 49-ம் எண் வீட்டில்தான் காப்புரிமை அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்தார். ஊரைச் சுற்றி வளைந்தோடுகிறது ஆரே ஆறு. கோடையில் ஊரே ஆற்றில் இறங்கும்: கரையோரம் மேலே நடந்து போய், குதித்து, நீரோட்டத்தோடு மிதந்து வந்து, சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறுகிறார்கள். பார்லிமென்ட் கட்டடத்துக்கு நேர் கீழே உள்ள மார்சிலி குளியல் துறைக்குக் கட்டணம் கிடையாது. ஆடிப்பதினெட்டுக்குக் காவிரியில் முங்குகிற ஊர்க்காரர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அது பனிமலைத் தண்ணீர், இழுப்பும் அதிகம். நீச்சல் நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும்.

● அதே பெர்னில் யூரோப்பா பிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் 'மதங்களின் இல்லம்' என்ற கட்டடம். 2014 டிசம்பரில் திறந்தது. பள்ளிவாசல், தேவாலயம், பௌத்தர் கூடம், அலெவி மக்களின் கூடம், கூடவே ஒரு சைவக் கோயில், எல்லாம் ஒரே கூரையின் கீழ். கோயிலை நடத்துவது ஈழத்தமிழர்களின் சைவநெறிக்கூடம், வழிபாடு தமிழில். போருக்குத் தப்பி வந்து உணவகங்களில் பாத்திரம் கழுவித் தொடங்கிய ஒரு தலைமுறை, தலைநகரின் ரயில் நிலையத்தின் பக்கத்தில் தேவாரம் கேட்கும்படி செய்திருக்கிறது. சுவிஸ் பயணத்தில் மலைச் சிகரத்துக்கு ரயில் ஏற ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

● பையில் என்ன கொண்டு போகலாம்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியாள் பழம், காய், இலை எதைக் கொண்டு போனாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது 2019 டிசம்பரிலிருந்து விதி. ஐந்துக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், பேரீச்சை, முள்நாறிப் பழம் (துரியன்), வாழைப்பழம். ஐந்தில் இரண்டு வேலூர்ச் சரக்கு! ஏலத்துக்கு வண்டி வண்டியாக இறங்குகிற பூவனிலும் கற்பூரவல்லியிலும் ஒரு சீப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு யாரும் தைரியமாகப் போகலாம். பொத்தனூர் வெற்றிலைக்கு அந்தச் சலுகை இல்லை. இறைச்சி, பால், நெய் அறவே கூடாது; பாட்டி கட்டிக் கொடுக்கும் நெய் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

● தங்குவதற்கு 'யூத் ஹாஸ்டல்' என்ற யோசனை ஒரு பள்ளி ஆசிரியருடையது. ஜெர்மனியின் ரிச்சர்ட் ஷிர்மன், மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். 1909-ல் நடந்தது. ஊர் ஊருக்கு இப்படி மலிவான இடம் இருந்தால் என்ன என்று கேட்டு, ஆல்டெனா கோட்டையில் முதல் விடுதியைத் தொடங்கினார். ஷானுக்கும் வாடூஸுக்கும் இடையிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

● லீக்டன்ஸ்டைனுக்கு இந்தியாவில் தனி விசா அலுவலகம் கிடையாது. சுவிட்சர்லாந்துதான் அதன் சார்பில் ஷெங்கன் விசா தருகிறது. அதே விசாவில் லக்ஸம்பர்க், லூப்லியானா, பிராட்டிஸ்லாவா எல்லாம் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். ஆகஸ்ட் 15-ல் வாடூஸ் கோட்டை மைதானத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் மாசி மாதத்திலேயே காகிதங்களை எடுத்து வையுங்கள்.